எடுக்க ஓகே சொன்னா, அனுப்பவும் ஓகேவா?

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். ஏரியில் யார், எந்த இடத்தில் வலை விடுவது என்று முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ வழக்கம் உள்ள பகுதி இது. தகராறு வந்தால் ஊர் கூடிப் பேசும். வலைச் சண்டைக்கு அது சரி. ஆனா, ஒரு பொண்ணோட அந்தரங்க போட்டோ வாட்ஸ்அப்பில் சுத்தினா? அப்பவும் ‘பேசி முடிச்சுக்கலாம்’னுதான் சொல்வாங்க. அப்படி முடிக்க முடியாது பாஸ்! பாதிக்கப்பட்டவர் பெண்ணாகவோ, 18 வயதுக்கு உட்பட்டவராகவோ இருந்தால், ஐ.டி. சட்டக் குற்றத்தில் சமரசத்துக்கு நீதிமன்றமே அனுமதி தரக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 77ஏ பிரிவு.

‘அவளே சம்மதிச்சுதானே போட்டோ எடுத்தா?’ என்ற கேள்வி அடுத்து வரும். எரிச்சலான கேள்வி. ஆனா, பதில் சட்டத்திலேயே இருக்கு. எடுக்கச் சம்மதித்த பெண், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 77-ன் படி 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. ஆண்களின் அந்தரங்கப் படத்தைப் பரப்பினாலும் ஐ.டி. சட்டம் 66இ பாயும். வெளிப்படையான பாலியல் காட்சி என்றால் 67ஏ: முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘நான் சும்மா ஃபார்வர்டுதான் பண்ணேன்’ என்பது செல்லாது. அனுப்புவதும் இதில் குற்றமே.

உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடுமேன்னு பயமா? பொன்னேரி, சென்னை என்று எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’ போடச் சொல்லலாம். ஆன்லைனில் புகார் அனுப்பினால், 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தேசிய சைபர் க்ரைம் போர்ட்டலில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

படத்தை நீக்க, அந்த ஆப்பிலேயே உடனே ரிப்போர்ட் பண்ணுங்க. 2021 ஐ.டி. விதிகள் இதற்கு 24 மணி நேரம் கொடுத்திருந்தன. 2026 பிப்ரவரியில் அது 2 மணி நேரமானது. மார்ஃபிங், டீப்ஃபேக் படங்களுக்கும் இது பொருந்தும். ரிப்போர்ட் பண்ணும் முன் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதியைச் சேமிச்சுக்கோங்க. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவச சேவை, படத்தை உங்க போனைவிட்டு வெளியே எடுக்காமல் அதற்கு ஒரு டிஜிட்டல் ரேகை உருவாக்கும். இதில் இணைந்த தளங்கள் அந்த ரேகையை வைத்துப் படத்தைத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் ‘டேக் இட் டவுன்’.

ஒருமுறை நீக்கினா போதுமா? 2025 ஜூலையில், தன் அந்தரங்க வீடியோ பரவியதாக ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய ஐ.டி. அமைச்சகத்துக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அதற்குப் பிறகும் வேறு தளங்களில் வீடியோ தலைகாட்டியது. அதனால, முதல் புகாரோட நிறுத்திடாதீங்க. புது லிங்க் வரும்போதெல்லாம், பழைய புகார் எண்ணோடு மறுபடி ரிப்போர்ட் பண்ணுங்க.