முங்கோ ஏரி: 40,000 ஆண்டுகளின் பின் வீடு திரும்பிய மூத்தோர்

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்மேற்கே, வறண்ட நிலப்பரப்பில் இருக்கிறது முங்கோ ஏரி. பல்லாயிரம் ஆண்டுகளாக அதில் தண்ணீர் இல்லை. முன்னர் அது நன்னீர் ஏரி. கரையில் வாழ்ந்த பூர்வகுடிகள் மீனும் சிப்பியும் உண்டனர். அவர்களது அடுப்புகளும் கல்லாயுதங்களும் கிழக்குக் கரையின் மணல்மேட்டில் புதைந்து கிடந்தன.

1968இல் அங்கே எரிந்த எலும்புகளைக் கண்டார் புவியியலாளர் ஜிம் போலர். அவை ஒரு பெண்ணுடையவை. உடலை எரித்து, எலும்புகளை நொறுக்கி, மீண்டும் எரித்துப் புதைத்திருந்தார்கள். உலகில் அறியப்பட்ட மிகப் பழைய தகனங்களில் இதுவும் ஒன்று. 1974இல் அருகிலேயே ஓர் ஆணின் எலும்புக்கூட்டையும் அவர் கண்டார். உடல்மீது செங்காவித் தூள் தூவப்பட்டிருந்தது. அந்தக் காவி அயலில் கிடைப்பதல்ல, தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டது. இருவரும் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்னர் புதைக்கப்பட்டவர்கள் என்கிறது 2003இல் வெளியான காலக்கணிப்பு.

இறந்தவரை இவ்வளவு கவனத்தோடு வழியனுப்பிய மக்களின் மண்ணைத்தான், பிரித்தானியர் உரிமையாளர் இல்லாத நிலமாக நடத்தினார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் அக்கோட்பாட்டை நிராகரித்தது 1992இல், மாபோ வழக்கில்.

எலும்புகள் ஆய்வுக்காகக் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்நிலத்துக்குரிய பாகன்டி, முத்தி முத்தி, நியம்பா மக்களின் அனுமதி கேட்கப்படவில்லை. தமது மூத்தோரைத் திருப்பித் தருமாறு அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள்.

1992இல் அந்தப் பெண் திரும்பினார். அவரது எலும்புகள் இரண்டு சாவிகள் கொண்ட பெட்டகத்தில் வைக்கப்பட்டன. ஒரு சாவி மக்களிடம், மற்றது ஆய்வாளரிடம். ஆண் திரும்பியது 2017இல். பழைய பிரேத ஊர்தியில் வந்த அவரை வழிநெடுக மக்கள் வரவேற்றனர்.

2022இல் இருவரும் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டனர். அதிலும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. இன்னும் ஆய்வு வேண்டும் என்றனர் ஆய்வாளர் சிலர். நினைவிடம் அமைத்துக் காக்க வேண்டும் என்றனர் பூர்வகுடிகளில் ஒரு பகுதியினர். மண்ணுக்குள் அமைதியாக இருக்கட்டும் என்றனர் ஏனையோர்.

அடக்கம் செய்த இடத்தில் அடையாளக் கல் எதுவும் இல்லை.