பற்களின் நிறமாற்றமும் வெளுப்புச் சிகிச்சையும்

பல்லின் இயல்பான நிறம் தூய வெள்ளை அன்று. மேலுறையான எனாமல் ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதன் அடியிலுள்ள டென்டினின் இளமஞ்சள்தான் வெளியே தெரிகிறது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மஞ்சள் கூடும். அது நோயன்று.

கறைகளில் வெளிக்கறை, உட்கறை என இருவகை உண்டு. தேநீர், காபி, புகையிலை, வெற்றிலைபாக்கு ஆகியவற்றால் படிவது வெளிக்கறை. குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்தால் வாரக்கணக்கில் வாய் கொப்பளித்தாலும் பழுப்புக் கறை ஏறும். இவற்றுக்குப் பல் மருத்துவர் செய்யும் ஸ்கேலிங்கும் பாலிஷும் பெரும்பாலும் போதும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் வீண். பற்காரையால் ஈறும் எலும்பும் முன்பே நலிந்திருந்தால், காரையை நீக்கியதும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

உட்கறை பல்லுக்குள்ளேயே இருப்பது. கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டால், அது உருவாகிவரும் பல்லின் கால்சியத்தோடு பிணைந்து மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் பட்டைகளை உண்டாக்கும். அடிபட்டுப் பற்கூழ் இறந்த பல் தனியே கருக்கும்.

தமிழகத்தில் முக்கியமான உட்கறை, புளோரைடு மிகுந்த குடிநீரால் வரும் புளுரோசிஸ். இதன் ஆய்வு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்கியது. 1901-இல் அங்கு வந்த பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, ஊர்மக்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு ஆண்டுக்கணக்கில் காரணம் தேடினார். குற்றவாளி தண்ணீரிலிருந்த புளோரைடு என்பது 1931-இல் தெரியவந்தது. 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலும் இந்நோய் பதிவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இச்சிக்கல் நெடுங்காலமாக உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தக் கறையைச் சுமக்கும் பிள்ளைகளை ஒழுங்காகப் பல் துலக்காதவர்கள் என்று பழிப்பது பெரும் அநியாயம். துலக்கிப் போகும் கறையே அன்று இது.

வெளுப்புச் சிகிச்சையில் ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலை ஊடுருவி நிறமூலக்கூறுகளைச் சிதைக்கிறது. மருத்துவமனையில் ஈறுகளுக்குக் காப்பிட்டு 25 முதல் 40 சதவீதச் செறிவில் பூசுவார்கள். 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடை அளவெடுத்துச் செய்த உறையில் இட்டு இரவில் அணியும் முறை 1989-இல் வெளியிடப்பட்டது, மெதுவானாலும் நம்பகமானது. சில நாள் பற்கூச்சம் வரலாம். கிரீடம், அடைப்பு ஆகியவற்றின் நிறம் மாறாது. இறந்த பல்லுக்கு வேர்ச் சிகிச்சைக்குப் பின் உள்ளிருந்து மருந்திட வேண்டும். டெட்ராசைக்ளின் கறைக்கு மாதக்கணக்கில் பொறுமை தேவை. புளுரோசிஸ் பழுப்புக்கு எனாமலின் மேற்பரப்பை நுண்ணளவில் தேய்த்தெடுத்த பிறகு வெளுப்பது பலன் தரும்; குழிவிழுந்த பல்லுக்கு வெனீர் ஒட்ட வேண்டியிருக்கும். செங்கல்பொடி, கரி, எலுமிச்சை மூன்றும் எனாமலைக் கெடுத்து மஞ்சளையே கூட்டும்.

ஞானப்பல் நீங்கலான நிரந்தரப் பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடும்; புளோரைடு பல்லில் கறையை உண்டாக்குவதும் அந்தப் பருவத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடு. கொதிக்க வைத்தால் அது நீங்காது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் வீட்டில் சிறுபிள்ளை இருந்தால், அந்த நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.