சீட்டுக்கட்டில் டச்சுச் சொற்கள்: கொல்கத்தா ஆட்டங்களும் தமிழ் வழக்கும்

1. முன்னுரை

ஒரு மொழியில் கலந்துள்ள அயற்சொற்களை ஆராய்வோர் ஆட்சி, சமயம், வணிகம் ஆகிய துறைகளையே பெரிதும் நாடுவர். பொழுதுபோக்குக்காகப் பலர் கூடியாடும் விளையாட்டுகளின் சொற்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. ஆயினும், எழுத்தில் இடம்பெறாமல் வாய்வழியாகவே வழங்கிவரும் இச்சொற்கள், ஏடுகளில் மறைந்துபோன மொழித்தொடர்புகளைக் காட்டக்கூடியவை. கொல்கத்தாவில் வழங்கும் சீட்டாட்டச் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் வரலாற்றையும், அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களையும், இலக்கிய மொழிபெயர்ப்பில் அவை எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் சீட்டாட்டம் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டது அன்று என்று கூறிவிட இயலாது. பாரசீக வழிவந்த கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகளைப் பாபர் 1527-இல் தம் நினைவுக் குறிப்பில் சுட்டுகிறார். வங்கத்தின் விஷ்ணுபூரில் மல்ல அரசர்களின் ஆதரவில் வளர்ந்த தசாவதாரச் சீட்டு, பத்து இனங்களாக 120 சீட்டுகள் கொண்டது. எனினும் இன்று பரவலாக ஆடப்படும் 52 சீட்டுகளின் கட்டு ஐரோப்பியர் கொணர்ந்ததேயாகும்.

ஐரோப்பியருள் வங்கத்தில் முதலில் காலூன்றியோர் போர்த்துகீசியர். அலமாரி, சாவி, ஜன்னல் போன்ற சொற்கள் அவர்கள் வழியாக வங்கத்திலும் தமிழிலும் புகுந்தன. 1632-இல் ஹூக்ளியிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் ஹூக்ளிக்கு அருகிலுள்ள சின்சுராவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலைபெற்று, குஸ்தாவஸ் கோட்டையை எழுப்பியது. 1690-இல் ஆங்கிலேயர் கல்கத்தாவில் குடியேறியபோது, அதே ஆற்றின் கரையில் டச்சுக்காரர் முன்னரே வேரூன்றியிருந்தனர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825-இல் சின்சுரா ஆங்கிலேயர் வசமாயிற்று.

தமிழகக் கடற்கரையிலும் இதற்கு ஒத்த நிலை இருந்தது. பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டை 1613-இல் அமைந்தது. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய நாகப்பட்டினத்தை 1690-இல் டச்சுக்காரர் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக்கினர். எனவே வங்கமும் தமிழும் ஒரே காலப்பகுதியில் ஒரே வணிகக் கம்பெனியின் மொழியோடு தொடர்புகொண்டன.

3. சீட்டு இனங்களின் பெயர்கள்

3.1 வங்கவழக்கு

வங்கமொழியில் சீட்டு 'தாஸ்' எனப்படும். அதன் நான்கு இனங்கள் இஸ்காபன், ஹரதன், ருயிதன், சிரிதன் என்பன. முதல் மூன்றும் முறையே ஸ்கோப்பன் (மண்வாரி), ஹார்ட்டன் (இதயம்), ரௌட்டன் (சாய்சதுரம்) என்னும் டச்சுச் சொற்களின் திரிபுகளாம். சுனீதிகுமார் சட்டர்ஜி, வங்கமொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய தம் 1926-ஆம் ஆண்டு நூலில், சீட்டாட்டச் சொற்களை டச்சுக் கடன்சொற்களாகவே குறித்துள்ளார். இதே இனங்களுக்குப் போர்த்துகீசிய மொழியில் வழங்கும் எஸ்பாதாஸ், கோபாஸ், ஓரோஸ், பாவுஸ் என்பவற்றின் சாயல் வங்கச் சொற்களில் காணப்படாமை இக்கருத்தை வலியுறுத்துகிறது.

நான்காவது சொல்லான சிரிதன் தனித்து நோக்கத்தக்கது. டச்சு மொழியில் இவ்வினத்தின் பெயர் கிளாவரன், அதாவது மூவிலைப் புல். அது வங்கத்தில் நிலைபெறவில்லை. இந்தியில் இவ்வினத்துக்கு வழங்கும் 'சிடி' என்னும் பறவைப் பெயரோடு, ஹரதன், ருயிதன் ஆகியவற்றின் ஈறாகிய 'தன்' ஒப்புமையாக்கத்தால் சேர்ந்து இச்சொல் பிறந்தது எனலாம். டச்சு மொழியில் 'தன்' என்பது தனி உருபு அன்று. சொல்லின் இறுதி மெய்யும் 'அன்' என்னும் பன்மை ஈறும் சேர்ந்த ஒலித்தொடரே அது. வங்கமொழி பேசுவோர் அதனைச் சீட்டினத்தைக் குறிக்கும் விகுதியாகக் கொண்டு, புதுச்சொல் படைக்கவும் பயன்படுத்தினர்.

3.2 தமிழ் வழக்கு

தமிழகத்தில் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்பன வழங்குகின்றன. இவற்றுள் டைமன் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இஸ்பேட் என்பதும் ஆங்கிலத்தோடு நெருங்கியது. ஆட்டின், கிளாவர் ஆகிய இரண்டும் ஆங்கில வழியாக விளக்க இயலாதவை. ஹார்ட்டன் என்பதில் முதல் ஹகரம் கெட்டு, ரகரம் பின்வந்த டகரத்தோடு இயைந்து இரட்டித்தமையால் ஆட்டின் தோன்றியது. கிளாவர் என்பதற்கும் ஆங்கிலத்தில் இவ்வினத்தைக் குறிக்கும் 'கிளப்' என்னும் சொல்லுக்கும் தொடர்பில்லை. கிளாவரன் என்பதன் இறுதி 'அன்' தமிழில் இல்லாமைக்கும் காரணம் காட்டலாம். தனிச் சீட்டின் பெயரைச் சொல்லும்போது டச்சுக்காரர் 'ஹார்ட்டன்' என்பதை முழுமையாகவும், 'கிளாவர்' என்பதைப் பன்மை ஈறின்றியும் வழங்குவர். தமிழ் வடிவங்கள் இவ்வேறுபாட்டை அப்படியே காட்டுகின்றன.

சிங்களத்தில் நான்கு சொற்களும் டச்சு மூலத்தோடு பொருந்துகின்றன: இஸ்கோப்ப, ஹாரத, ருவித, கலாபர. இவ்வாறு டச்சு வரிசை சிங்களத்தில் முழுமையாகவும், வங்கத்தில் மூன்று பங்கும், தமிழகத் தமிழில் பாதியும் எஞ்சியுள்ளது.

3.3 துருப்பு

வெற்றிச்சீட்டுக்கு வங்கத்தில் 'துருப்' என்றும், தமிழில் 'துருப்பு' என்றும் பெயர். ஆங்கிலத்தின் 'டிரம்ப்', போர்த்துகீசியத்தின் 'துருன்ஃபோ' ஆகிய இரண்டிலும் மெல்லெழுத்து உண்டு. டச்சு மொழியின் 'துரூஃப்' என்பதில் அது இல்லை. ஆகவே வங்க, தமிழ் வடிவங்கள் டச்சு வழியின எனக் கொள்வது பொருத்தம். சிங்களத்தின் 'துரும்பு' மெல்லெழுத்துப் பெற்று வேறுவழியைச் சுட்டுகிறது. தமிழில் படைப்பிரிவைக் குறிக்கும் துருப்பு என்பது 'டிரூப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். இரண்டும் வடிவொத்த வெவ்வேறு சொற்கள். 'துருப்புச் சீட்டு' என்னும் தொடரில் படை பற்றிய பொருள் இல்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

4. ஆட்டமும் சொல்லின் நிலைபேறும்

கொல்கத்தாவில் மிகுதியாக ஆடப்படுவது 'இருபத்தொன்பது' என்னும் ஆட்டம். ஹௌரா, சியால்தா நிலையங்களுக்கு வரும் புறநகர் ரயில்களிலும், தெருவோரத் திண்ணைகளிலும் நால்வர் ஆடப் பலர் சூழ்ந்திருந்து கருத்துரைப்பர். இதில் 32 சீட்டுகளே பயன்படும். 'கோலாம்' எனப்படும் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, 'தேக்கா' எனப்படும் ஆசுக்கு 1, பத்துக்கு 1 என மதிப்பு. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 28, கடைசிப் பிடிக்கு 1, ஆக 29. அரசனுக்கும் அரசிக்கும் இதில் மதிப்பில்லை. ஜாக்கியும் ஒன்பதும் தலைமை பெறுவது டச்சுக்காரரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துருப்பினத்துக்கு உரிய முறையாகும். கேரளத்தின் 28, தமிழகத்திலும் இலங்கையிலும் ஆடப்படும் 304 ஆகியனவும் இக்குடும்பத்தைச் சார்ந்தவை. 304-இல் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, அரசனுக்கு 3, அரசிக்கு 2 என ஓரினத்துக்கு 76 ஆகிறது. நான்கினமும் சேர்ந்ததே ஆட்டத்தின் பெயர்.

பெருங்கூட்டமாக ஆடும் எளிய ஆட்டங்களும் சொற்களைக் காத்தன. தமிழகத்தின் 'கழுதை' ஆட்டத்தில் எண்ணிக்கை வரம்பில்லை. இறக்கிய இனத்தையே எல்லாரும் இறக்க வேண்டும். அவ்வினம் இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டினால், அதுவரை உயர்ந்த சீட்டை இட்டவர் அனைத்தையும் அள்ளுவார். இறுதியில் சீட்டு வைத்திருப்பவர் கழுதை. இத்தகைய ஆட்டத்தில் இனத்தின் பெயரை உரக்கக் கூறாமல் ஆட இயலாது. எழுத்தறியாச் சிறுவரும் அதைக் கேட்டே கற்றனர். பள்ளிப் பாடத்தில் இடம்பெறாத டச்சுச் சொல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வழங்குவதற்கு இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு.

5. மொழிபெயர்ப்புச் சிக்கல்

இச்சொற்கள் இலக்கியத்துள் புகும்போது மொழிபெயர்ப்பு கடினமாகிறது. ரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய சிறுகதையொன்றை 1933-இல் 'தாஷேர் தேஷ்' என்னும் நாடகமாக்கினார். பின்வந்த பதிப்பைச் சுபாஷ் சந்திர போஸுக்கு உரித்தாக்கினார். விதிப்படியே அசையும் சீட்டுமாந்தரின் தீவில் கரையேறும் இளவரசன் அவர்களுக்கு விருப்பம் என்பதை உணர்த்துகிறான். மாந்தருள் ருயிதன், ஹரதனி, இஸ்காபனி முதலியோர் உளர். டச்சுப் பன்மைச் சொல்லோடு வங்கப் பெண்பால் விகுதி சேர்ந்து 'ஹரதனி' என்னும் பெயர் உருவாகியுள்ளது. வங்கவாசகருக்கு அது ஒரே சமயத்தில் சீட்டாகவும் பெண்ணாகவும் ஒலிக்கிறது.

தமிழில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. வழக்குச் சொல்லைக் கொண்டு 'ஆட்டினி' எனின், வரலாற்றளவில் அதுவே உடன்பிறந்த சொல். ஆயின் 'ஆட்டின்' என்பது ஆடு என்பதன் வேற்றுமைவடிவமுமாகையால், விடுதலை வேட்கைகொண்ட நாயகியின் பெயர் நகைப்புக்கு இடமாகும். 'இதயராணி' எனின் பொருள் விளங்கும். ஆனால் ராணி என்பது தனிச் சீட்டாதலால், வேறொரு மாந்தரான அரசியோடு மயங்கும். 'ஹரதனி' என்றே வைத்து, நூலின் முகப்பில் நான்கு இனங்களின் தமிழ் இணைகளைத் தருவதே ஏற்புடையது.

விமல் மித்ராவின் 1953-ஆம் ஆண்டு நாவலான 'சாஹேப் பீபி கோலாம்' என்பதும் இத்தகையதே. தலைப்பின் மூன்று சொற்களும் அரசன், அரசி, ஜாக்கி ஆகிய சீட்டுகளின் வங்கப்பெயர்கள். துரை, சீமாட்டி, அடிமை என மொழிபெயர்ப்பின் சமூகப்பொருள் எஞ்சும், சீட்டு மறையும். ராஜா, ராணி, ஜாக்கி எனின் சீட்டு எஞ்சும், அடிமை மறைவான்.

6. முடிவுரை

வங்கத்தின் ஹரதனும் தமிழின் ஆட்டினும் ஒரே டச்சுச் சொல்லின் இரு கிளைகள். இவ்வுறவை இருமொழியாளரும் உணராதிருப்பதற்கு, ஆட்டச் சொற்கள் அகராதிகளில் போதிய இடம் பெறாமை ஒரு காரணமாகும். ஆங்கிலப் பெயர்களோடு அச்சாகும் சீட்டுக்கட்டும் கணினியாட்டமும் பரவிவரும் சூழலில், ஆட்டின், கிளாவர் ஆகியவற்றின் வட்டாரத் திரிபுகளைத் தொகுப்பது உடனடித் தேவையாகிறது. அத்தொகுப்பு மொழித்தொடர்பு ஆய்வுக்கும் வங்க இலக்கிய மொழிபெயர்ப்புக்கும் ஒருங்கே துணைபுரியும்.