பிறர் பெயரில் இட்ட கையொப்பம்: வெஸ்லி – டாப்லேடி வழக்கில் சீண்டும் மொழி

மனிதரின் மீட்பு கடவுளின் நித்தியத் தீர்மானத்தை மட்டுமே சார்ந்ததா, மனிதரின் சுயாதீன சித்தத்திற்கும் அதில் பங்குண்டா என்னும் வழக்கில் எழுந்த கடுஞ்சொற்களை வழக்காடியவர்களின் குணக்கேடு என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் 1770இல் இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் அவரைவிட 37 ஆண்டு இளையவரான அகஸ்டஸ் டாப்லேடிக்கும் மூண்ட பூசலை நுணுகி நோக்கினால், அங்கே சீண்டல் வாதத்தின் மேல் தூவிய காரமாக இல்லாமல் வாதமாகவே தொழிற்பட்டது விளங்கும்.

யார் மீட்கப்படுவர் என்பதை உலகத் தோற்றத்திற்கு முன்னரே கடவுள் தீர்மானித்துவிட்டார் என்னும் கோட்பாடு முன்குறித்தல் எனப்படும். அதை விளக்கி 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான சான்கி எழுதியதை டாப்லேடி 1769இல் ஆங்கிலத்தில் வெளியிட, மறு ஆண்டே வெஸ்லி அதைச் சிறு பிரசுரமாகச் சுருக்கி, இறுதியில் ஒரு பத்தியைத் தாமே சேர்த்தார். இருபதில் ஒருவர் தெரிந்துகொள்ளப்பட்டவர், பத்தொன்பது பேர் கைவிடப்பட்டவர்; முன்னவர் எதைச் செய்தாலும் பிழைப்பர், பின்னவர் எவ்வளவு முயன்றாலும் அழிவர் என்று கூறிய அப்பத்தியின் அடியில், டாப்லேடியின் பெயர் முதலெழுத்துகளே கையொப்பமாக நின்றன.

எதிராளியின் கொள்கையை ஏற்பதுபோல் ஏற்று, அதன் ஒவ்வா முடிவைக் காட்டி மறுப்பது தருக்கத்திற்குப் புதிதன்று. நன்னூலார் சொல்லும் எழுவகை மதங்களுள் பிறர் மதம் மேற்கொண்டு களைவதும் ஒன்று. முன்குறித்தல் கடவுளைப் பிசாசினும் கொடியவராக்குகிறது என்று 1739ஆம் ஆண்டுப் பிரசங்கத்திலேயே வாதிட்ட வெஸ்லிக்கு, ஒரு கோட்பாட்டின் உரைகல் அது தீட்டும் கடவுளின் உருவமே. ஆகவே வாசகரின் அதிர்ச்சியே அவருக்குச் சான்று. ஆனால் ‘இக்கொள்கையிலிருந்து இது பெறப்படும்’ என்பது வேறு, ‘இவர் இதைச் சொல்கிறார்’ என்பது வேறு. முன்னது அனுமானம், பின்னது வாக்குமூலம். ஒன்றை மற்றொன்றாக்கியது அந்தக் கையொப்பம். அதை மோசடி என்று சாடிய டாப்லேடி, கடவுள் முடிவை மட்டுமன்றி அதற்குரிய வழியையும், அதாவது பரிசுத்த வாழ்வையும் சேர்த்தே நியமிக்கிறார் என்றார்; அவ்வாறாயின் ‘எதைச் செய்தாலும்’ என்ற சொல்லுக்கு அவரது கோட்பாட்டில் இடமில்லை. வெஸ்லி 1771இல் வெளியிட்ட மறுமொழிக்குத் தலைப்பே ‘விளைவு நிறுவப்பட்டது’ என்பதுதான். விளைவு என்று நிறுவ வேண்டியிருந்தமையே அது டாப்லேடியின் கூற்றன்று என்பதற்கு ஒப்புதலாகிவிடுகிறது.

எண்ணால் சீண்டும் உத்தியை டாப்லேடியும் விட்டுவைக்கவில்லை. 1776இல் அவர் எழுதிய கட்டுரையொன்று நொடிக்கு ஒரு பாவமெனக் கணக்கிட்டு, எண்பது வயது மனிதரின் கடனை 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம் பாவங்களாகக் காட்டுகிறது. மனித முயற்சியால் தீராத அக்கடனுக்கு விடையாகக் கட்டுரையின் முடிவில் அவர் அமைத்த பாடலே தமிழ்த் திருச்சபைகளில் ‘பிளவுண்ட மலையே’ எனப் பாடப்படுவது. வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளின் பாட்டுப்புத்தகங்களிலும் அது இடம்பெற்றது, அந்தக் கணக்கு இல்லாமல்.