மழை வந்தா டி.வி. ஏன் போகுது? மொட்டை மாடி டிஷ்ஷோட ஐம்பது வருஷக் கதை

இந்த எபிசோடை ஒரு போன் கால்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2024 அக்டோபர். நான் சென்னையில ஆபீஸ்ல ஒரு மீட்டிங்ல இருக்கேன். தூத்துக்குடியில இருந்து ஆச்சி கூப்பிடுறாங்க. "ஏல, டி.வி. போயிட்டு. இங்க ஒரே இடியும் மழையுமா இருக்கு. இது நிக்குமா, இன்னும் வருமான்னு உன் போன்ல பாத்துச் சொல்லு."

யோசிச்சுப் பாருங்க. மழை பெய்யுறது அவங்க தலைக்கு மேல. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற என்கிட்ட அது நிக்குமான்னு கேக்குறாங்க. மழைச் செய்தி பாக்கத்தான் அவங்களுக்கு டி.வி., ஆனா மழை வந்தா முதல்ல போறதே அதுதான்.

ஆச்சி சும்மா பயப்படுற ஆள் இல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல தென் மாவட்டங்கள்ல என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துல காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. அதுக்கப்புறம் வானம் கறுத்தாலே ஆச்சி நியூஸ் சேனலைப் போட்டு உக்காந்துடுவாங்க. இன்வெர்ட்டர் இருக்கு, கரண்ட் போனாலும் டி.வி. ஓடும். ஆனா திரையில நீலக் கலர், 'நோ சிக்னல்'.

டி.டி.ஹெச். கம்பெனிக்கு மூணு தடவை போன் பண்ணோம். மூணு தடவையும் ஆள் வந்தாங்க, விசிட் சார்ஜ் வாங்கினாங்க, "மழைன்னா அப்படித்தான் சார், இயற்கை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியும் ஏன் வரலைன்னு கேட்டா பதில் இல்ல. வெயில் அடிக்கும்போதே சில சேனல் மட்டும் வரலையேன்னு கேட்டதுக்கு, "அது உங்க பேக்ல இருக்காது."

எனக்கு இது உறுத்துச்சு. இது நிஜமாவே இயற்கையா, இல்ல யாரோ எப்பவோ எடுத்த ஒரு முடிவான்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இன்னைக்கு எபிசோட்.

1975-க்குப் போவோம். கொழும்புல ஆர்தர் சி. கிளார்க் வீடு. பூமியோட சேந்து சுத்துற செயற்கைக்கோள் வழியா உலகம் முழுக்க ஒளிபரப்பலாம்னு 1945-லயே 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில எழுதினவர். இலங்கையில அப்போ டி.வி. நிலையமே கிடையாது, 1979-லதான் வருது. ஆனா இவர் வீட்ல மட்டும் டி.வி. ஓடுது. ஏன்னா நம்ம இஸ்ரோ ஆட்கள் போய் ஒரு டிஷ் வெச்சுக் கொடுத்திருந்தாங்க. நம்ம பக்கத்துல 'வீட்ல சாட்டிலைட் டி.வி.'ங்கிற கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியல.

அந்த டிஷ்ல வந்தது 'சைட்' திட்டத்தோட ஒளிபரப்பு. 1975 ஆகஸ்ட் 1-ல இருந்து 1976 ஜூலை 31 வரைக்கும், சரியா ஒரு வருஷம், நாசாவோட ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இந்தியா இரவல் வாங்கி ஆறு மாநிலங்கள்ல சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியா டி.வி. காட்டிச்சு. ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். தமிழ்நாடு அந்த லிஸ்ட்ல இல்ல. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம்னு நிகழ்ச்சிகள்.

இதுல என்னைக் கவர்ந்தது அந்த டிஷ்தான். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையில செஞ்சது, மூணு மீட்டர் அகலம். தரையில இவ்வளவு மலிவான சாமானை வெச்சு எப்படிப் படம் வந்துச்சு? விலை கூடின பாகத்தை மேல வெச்சுட்டாங்க. ஏ.டி.எஸ்-6 விண்வெளிக்குப் போய்க் குடை மாதிரி விரிச்ச ஆன்டெனா ஒன்பது மீட்டர். அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ், அதை மழை கிட்டத்தட்டத் தொடவே தொடாது. கீழ செட் கெட்டுப்போனா போய்ப் பாக்குறதுக்குப் பழுதுபார்க்கும் குழுக்களையும் திட்டத்துக்குள்ளயே சேத்திருந்தாங்க. சிக்னல் வரலைன்னா அது கிராமத்துக்காரனோட பிரச்சினை இல்ல, திட்டத்தோட பிரச்சினை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

நடுவுல எங்க ஊர்க் கதை ஒண்ணு. இது செயற்கைக்கோள் இல்ல, சாதா ஆன்டெனாதான், ஆனா சொல்லாம இருக்க முடியாது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சாலும் தூத்துக்குடிக்கு அது எட்டாது. எங்களுக்கு முதல்ல வந்தது 1982-ல தொடங்கின இலங்கை ரூபவாஹினி. தாத்தா மொட்டை மாடியில உயரமா பைப் நட்டு ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வெச்சிருந்தாராம். மேல அவர் பைப்பைப் பிடிச்சுத் திருப்ப, கீழ ஆச்சி ஜன்னல் வழியா கத்துவாங்களாம். "வருது... வருது... போச்சு! கொஞ்சம் அந்தப் பக்கம்!" படம் புள்ளி புள்ளியா இருக்கும், ஆனா இருக்கும்.

சரி, இந்தியாவோட சொந்தச் செயற்கைக்கோளுக்கு வருவோம். இன்சாட்-1ஏ 1982 ஏப்ரல்ல மேல போச்சு, அந்த செப்டம்பர்லயே கைவிட வேண்டியதாச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல சேலஞ்சர் விண்வெளி ஓடத்துல போன இன்சாட்-1பி தான் வேலை செஞ்சது. டி.வி., தொலைபேசி, மேகப் படம் எடுக்கிற கருவி எல்லாம் ஒரே செயற்கைக்கோள்ல.

இந்த இன்சாட்டை வெச்சு வானிலை ஆய்வுத் துறை 1980-கள்ல ஒரு வேலை பண்ணிச்சு. நம்மள்ல நிறைய பேருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. ஆந்திரா, வட தமிழ்நாட்டுக் கடலோரமா சின்ன சின்ன டிஷ், கூடவே ஒரு ரிசீவர். ஒவ்வொரு ரிசீவருக்கும் தனி கோட். புயல் எந்த மாவட்டத்துக்கு வருதோ அந்த மாவட்டத்துக்கு உரிய பெட்டிகளை மட்டும் சென்னையில இருந்து எழுப்பலாம். முதல்ல சைரன் அடிக்கும், அப்புறம் உள்ளூர் மொழியில எச்சரிக்கை கேக்கும். 1990 மே மாசம் ஆந்திராவைத் தாக்கின பெரும் புயல்ல மக்களை முன்கூட்டியே வெளியேத்த உதவின விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு.

இதுக்கு அவங்க எடுத்துக்கிட்டது எஸ் பேண்ட், சுமார் 2.5 கிகாஹெர்ட்ஸ். அலையோட நீளம் 12 சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர்தான். அலை பெருசு, துளி சின்னது, அதனால அலை பாட்டுக்குத் தாண்டிப் போயிடும். புயல் நேரத்துல கேக்க வேண்டிய பெட்டி புயல்ல செத்துடக் கூடாதுன்னு யோசிச்சுத்தானே செய்வாங்க? செஞ்சாங்க.

அடுத்தது 1991. எனக்கு ரொம்பப் பிடிச்ச செயற்கைக்கோள் இதுல வருது. வெஸ்டார்-6னு ஒண்ணை 1984 பிப்ரவரியில சேலஞ்சர்ல இருந்து இறக்கி விட்டாங்க. அதோட ராக்கெட் மோட்டார் சொதப்பி, போக வேண்டிய உயரத்துக்குப் போகாம நின்னுடுச்சு. நவம்பர்ல டிஸ்கவரி ஓடத்துல போன வீரர்கள் அதைப் பிடிச்சு பூமிக்கே திருப்பிக் கொண்டு வந்தாங்க. தட்டி ஒட்டி, பேரு மாத்தி, 1990 ஏப்ரல்ல சீன ராக்கெட்ல திரும்ப அனுப்பினாங்க. புதுப் பேரு ஏஷியாசாட்-1. 1991-ல ஸ்டார் டி.வி. அதுல இருந்துதான் ஆசியா முழுக்க வந்துச்சு. ஆமா, நம்ம அப்பா அம்மா பாத்த முதல் எம்.டி.வி. ஒரு செகண்ட் ஹேண்ட் செயற்கைக்கோள்ல இருந்து வந்தது.

அது சி பேண்ட், 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். மழை பெருசா பாதிக்காது, ஆனா டிஷ் ரொம்பப் பெருசா வேணும். அவ்வளவு பெரிய டிஷ்ஷை வீட்டுக்கு வீடு வைக்க முடியாது, தெருவுக்கு ஒண்ணு வைக்கலாம். அப்படி வந்தவர்தான் கேபிள்காரர். அவர் மேல எல்லாருக்கும் ஆயிரம் குறை இருக்கும், மழையில வயர் அறுந்தா படமும் போகும். ஆனா ஒண்ணு, மாடி ஏறுறது அவர் வேலை. படம் வரலைன்னா தெருவே அவர் வீட்டு வாசல்ல நிக்கும்.

டி.டி.ஹெச். அந்த ஆளை நடுவுல இருந்து எடுத்துடுச்சு. 1997-ல மத்திய அரசு இதுக்குத் தடை போட்டு, 2000 நவம்பர்ல அனுமதி கொடுத்து, 2003-ல இருந்து ஒவ்வொரு கம்பெனியா வந்தாங்க. வீட்டுக்கு வீடு டிஷ்னா அது சின்னதா இருக்கணும். அறுபது சென்டிமீட்டர் டிஷ் வேலை செய்யணும்னா கே.யு. பேண்டுக்குப் போகணும், 11, 12 கிகாஹெர்ட்ஸ். அலையோட நீளம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர். இப்போ மழைத்துளி குறுக்க வந்தா அலைக்கு உறைக்கும்.

இதைக் கணக்குப் போடுறதுக்கு லிங்க் பட்ஜெட்னு பேரு. மாசச் சம்பளம் மாதிரிதான். செயற்கைக்கோள்ல இருந்து இவ்வளவு வருது, வழியில இவ்வளவு செலவு, பெட்டி படம் காட்ட இவ்வளவு வேணும். மிச்சம் இருக்கிறதுதான் சேமிப்பு. மழை வந்தா அந்தச் சேமிப்புல இருந்து எடுக்கும். 'சைட்' திட்டத்துல மழைக்குன்னு எடுத்து வைக்க வேண்டியதே இல்ல. டி.டி.ஹெச்-ல அளவா ஒரு தொகை, பெருமழைக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சே வெச்சது.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின பேச்சு. மூணு நைன், 99.9 சதவீத அப்டைம்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம்தான் போகும், ரொம்ப நல்லா இருக்கேன்னு ஸ்லைடு போட்டுட்டுப் போயிடுவோம். அந்த ஒன்பது மணி நேரம் எப்போ வரும்? சீரியல் ஓடுற சாயங்காலம் இல்ல, நட்ட நடு மழையில. ஆச்சிக்கு வருஷத்துல டி.வி. நிஜமாவே தேவைப்படுற ஒன்பது மணி நேரமும் அதேதான். இந்த சராசரியை நானே ஆபீஸ்ல எத்தனை தடவை காட்டியிருக்கேன்னு நெனச்சா கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

கே.யு. பேண்டுக்கு வேற கஷ்டங்களும் உண்டு. 2010 ஜூலை 7-ல இன்சாட்-4பி-யோட ஒரு பக்க சோலார் பேனல்ல பவர் கோளாறு, 24 டிரான்ஸ்பாண்டர்ல 12 அணைஞ்சது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் மீசாட்-3-க்கு மாற வேண்டியதாச்சு. 93.5 டிகிரியில இருந்து 91.5-க்கு. ரெண்டு டிகிரிதானேன்னு தோணும். அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷோட பார்வையே மொத்தம் மூணு டிகிரிக்குள்ளதான். அதனால வீடு வீடா மாடி ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்துச்சு. அது ஸ்டக்ஸ்நெட் வைரஸ் வேலைன்னு ஒரு கதை கூட ஓடிச்சு, இஸ்ரோ மறுத்துடுச்சு.

இப்போ எங்க மாடிக்கு வாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். நல்ல வெயில். செட்டாப் பாக்ஸ் மெனுவுக்குள்ள சிக்னல் பக்கத்தைத் திறந்தா ஸ்ட்ரெங்த் 78, குவாலிட்டி 41. மேகமே இல்லாத வானத்துல 41! அதாவது மழைக்குன்னு இருந்த சேமிப்பை வேற யாரோ ஏற்கெனவே சாப்பிட்டாச்சு.

இது ஏன் யாருக்கும் தெரியலைன்னா, டிஜிட்டல் அப்படி. தாத்தா காலத்து அனலாக்ல சிக்னல் குறையக் குறைய படத்துல புள்ளி கூடும், கண்ணுக்குத் தெரியும், மாடி ஏறுவார். டிஜிட்டல்ல குவாலிட்டி 75-ல இருந்தாலும் 41-ல இருந்தாலும் படம் ஒரே மாதிரி பளிச்சுன்னு இருக்கும். அதுக்குக் கீழ ஒரு எல்லை, அதைத் தாண்டினா ஒண்ணுமே இல்ல. வருஷக்கணக்கா தேய்ஞ்சது தெரியாது. கடைசியா வர்ற மழை பேர்ல பழி.

எல்.என்.பி. பக்கம் இருந்த எஃப் கனெக்டரைக் கழட்டினேன். உள்ள பச்சை. கடல் காத்து, உப்பு, தண்ணி. கேபிளோட செம்புக் கம்பி பாசி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. சில சேனல் மட்டும் வராததுக்கும் விடை அங்கேயே இருந்தது. பாக்ஸ் அதே கேபிள்ல எல்.என்.பி-க்கு 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அனுப்பும். 13-ன்னா நிமிர்ந்து வர்ற அலை, 18-ன்னா படுத்து வர்ற அலை. துருவுல 18 குறைஞ்சு போனா எல்.என்.பி. அதை 13-ன்னு நெனச்சுக்கும். பாதி சேனல் காணாமப் போகும். பேக்கேஜ் மேல தப்பே இல்ல.

கேபிளை ஒரு ஜாண் வெட்டி எறிஞ்சுட்டு, புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுத்தி, தண்ணி வழிஞ்சு கீழ சொட்டுற மாதிரி கேபிளை வளைச்சுக் கட்டினேன். எல்லாம் சேத்து நூறு ரூபாய் கூட ஆகல. அப்புறம் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி டிஷ்ஷை நூல் அளவு திருப்பணும். நான் மேல, ஆச்சி கீழ டி.வி. முன்னாடி. "நம்பர் கூடுதா ஆச்சி?" "கூடுது... கூடுது... ஏல, போச்சு! திரும்பி வா!" 76-ல நிறுத்தினேன்.

நவம்பர்ல நல்ல மழை அன்னைக்கு ஆச்சி மறுபடி கூப்பிட்டாங்க. எனக்கு திக்குன்னு ஆச்சு.

"நாலு நிமிஷம் போச்சு, வந்துட்டு. அதுக்கு ஒண்ணும் கூப்பிடல. நியூஸ்ல போட்டிருக்கான், இனி உங்க ஊருக்குத்தானாம் மழை. குடை எடுத்துட்டுப் போனியா?"

எடுத்துட்டுப் போகல.