கரும்பு விலையில் குறைந்த 100 ரூபாய்



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், ஐரோப்பாவுல சர்க்கரை விலையைக் குறைச்சுட்டு, விவசாயிக்கு ஈடாப் பணமும் கொடுத்தாங்களாமே, நம்ம ஊர்ல அப்படி நடக்குமா?" பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அங்கே சர்க்கரை எடுப்பது கரும்பிலிருந்து அல்ல, பீட் கிழங்கிலிருந்து. நாம் பொரியல் செய்கிற பீட்ரூட்டின் வெள்ளைப் பங்காளி அது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரையின் ஆதார விலையை நான்கு ஆண்டுகளில் 36 சதவீதம் குறைக்க முடிவு செய்தது. அதனால் விவசாயிக்கு வரும் இழப்பில் சராசரியாக 64.2 சதவீதத்தை நேரடியாகக் கொடுத்தார்கள். அப்படியும் அயர்லாந்தில் பீட் சர்க்கரைத் தொழிலே அந்த ஆண்டோடு முடிந்துபோனது.

இனி நம் கதை. மதுக்கரைக்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் தெரிந்த அளவு கரும்பு தெரியாது. ஆனால் பக்கத்தில் கோவையில் 1912 முதல் கரும்பு இனவிருத்தி நிலையம் இருக்கிறது. நாணலையும் கரும்பையும் கலந்து அங்கே உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் வடக்கே போனது. 1932இல் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு எதிராகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுமார் 30ஆக இருந்த ஆலைகள் ஐந்தாறு வருடத்தில் 130ஐத் தாண்டின. கரும்புக்குக் குறைந்தபட்ச விலை வைக்க மாகாணங்களுக்கு அதிகாரம் கிடைத்ததோ 1934இல்தான். முதலில் ஆலை, பிறகுதான் விவசாயி. வரிசையைக் கவனியுங்கள்!

1966இன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மத்திய அரசு விலை நிர்ணயிக்கும். வெட்டிக் கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. அதற்கு மேல் தமிழ்நாடு அரசு தன் பரிந்துரை விலையைக் கூட்டி அறிவித்து வந்தது. 2016-17 அரவைப் பருவத்தில் டன்னுக்கு மத்திய விலை 2,300, மாநிலம் கூட்டியது 450, போக்குவரத்துக்கு 100, ஆக 2,850 ரூபாய். ஆனால் கூட்டிய தொகையைத் தர வேண்டியதும் ஆலைதான். கட்டுப்படியாகாது என்று தனியார் ஆலைகள் பல 2013-14 முதலே அதைத் தரவில்லை. பாக்கி பல நூறு கோடியாக ஏறியது.

பரிந்துரை விலையை விட்டுவிட்டு ஆலையின் வருவாயில் விவசாயிக்குப் பங்கு கொடுக்கலாம் என்று ரங்கராஜன் குழு 2012இல் சொல்லியிருந்தது. 2018இல் தமிழ்நாடு அந்த வழிக்கு மாறியது. இடைக்காலத்துக்கு அரசே ஊக்கத்தொகை கொடுத்தது. 2017-18இல் மத்திய விலை 2,550, ஊக்கத்தொகை 200, மொத்தம் 2,750. முந்தைய பருவத்தை விட 100 ரூபாய் குறைவு! அடுத்த இரண்டு பருவமும் அதே 2,750தான். 2020-21இல்தான் 2,900 ஆனது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2,850 என்பது பலருக்குக் காகிதத்தில் மட்டும் இருந்த விலை. ஊக்கத்தொகையோ அரசுப் பணம், விவசாயியின் கணக்குக்கே வருவது. 2024-25 பருவத்துக்கு அது 349 ரூபாய், மத்திய விலை 3,151உடன் சேர்ந்து 3,500. ஆகவே மாறியதைக் குறை சொல்ல மாட்டேன். பழைய பாக்கியை முதலில் தீர்த்துவிட்டு மாறியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். ஐரோப்பாவில் விலைக்குறைப்பும் ஈடும் ஒன்றாகவே முடிவாயின.

உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்பு வைத்திருக்கும் சொந்தங்களே, 14 நாளில் உங்களுக்குப் பணம் வந்த வருடம் ஏதாவது உண்டா? கீழே எழுதுங்கள்.