பார்மலினுக்கு அஞ்சாத நோய்



விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்துக் கரிசற்பூமியில், அறுவடை முடிந்த புன்செய்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவது நெடுநாளைய வழக்கம். அங்கு ஆடே எரு, ஆடே கைம்முதல். மந்தையில் அடைப்பான் போன்ற கொள்ளைநோய் புகுந்தால், மாண்ட ஆட்டை எரிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவம் கற்பிக்கும் விதி. நெருப்பும் மருந்தும் எக்கிருமியையும் ஒழிக்கும் என்னும் நம்பிக்கையே அதற்கு அடிப்படை. இந்நம்பிக்கையை அசைத்த நோய் ஒன்றின் வரலாற்றை இன்று காண்போம்.

அந்நோயின் பெயர் ஸ்கிரேப்பி. பீடிக்கப்பட்ட செம்மறியாடு தினவு தாங்காமல் கம்பத்திலும் வேலியிலும் உரசி உரோமத்தை இழக்கும். பின் நடை தள்ளாடி மடியும். ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட இந்நோய், இமயமலை அடிவாரத்து ஆடுகளிலும் காணப்பட்டதாக 1961-இல் ஸ்லாட்னிக், கட்டியார் என்னும் இருவர் அறிவித்தனர்.

1935-ஆம் ஆண்டு, உண்ணியால் பரவும் வேறொரு மூளைநோய்க்குக் கார்டன் என்னும் கால்நடை அறிஞர் ஸ்காட்லாந்தில் தடுப்பு மருந்து செய்தார். ஆடுகளின் மூளை முதலியவற்றை அரைத்துப் பார்மலின் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்வது அவர் முறை. அம்மருந்தின் ஒரு தொகுதி சுமார் 18,000 ஆடுகளுக்குச் செலுத்தப்பட்டது. ஈராண்டு கழிந்தபின், அவற்றுள் பலவற்றில் ஸ்கிரேப்பி தலைகாட்டிற்று! மருந்துக்கு மூளை தந்த ஆடுகளுள் சில, இந்நோய் மறைந்திருந்த மந்தையைச் சேர்ந்தவை. பார்மலின், தான் கொல்ல வந்த கிருமியைக் கொன்றது. உடனிருந்த மற்றொன்றை அதனால் கொல்ல இயலவில்லை.

அந்த மற்றொன்று யாது? கிருமிகளின் நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் புற ஊதாக் கதிரும் இதனை எளிதில் அழிக்கவில்லை என்று டிக்வா ஆல்பர் அம்மையார் 1967-இல் காட்டினார். இது புரதமே என்று கூறி, 1982-இல் பிரியான் எனப் பெயரிட்டவர் ஸ்டான்லி புரூசினர். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிரில்லாத ஒன்றைக் கொல்வது எங்ஙனம்?

மனிதரும் தப்பவில்லை. சூரிச் நகரில் 1974-இல், இவ்வகை மூளைநோய் கொண்ட ஒருவரின் மூளையில் பயன்பட்ட வெள்ளி மின்முனைகள், சாராயத்தாலும் பார்மலின் ஆவியாலும் தூய்மை செய்யப்பட்டபின், இளம் நோயாளிகள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. இருவரையும் அந்நோய் பற்றியது. ஈராண்டுக்கு மேல் கழிந்தபின் அதே மின்முனைகளை ஒரு சிம்பன்சியின் மூளையில் வைத்தபோது, அதுவும் நோயுற்றது.

ஆதலின் ஒவ்வொரு மருந்தையும் புதிதாகச் சோதிக்க வேண்டியதாயிற்று. நோயுற்ற மூளைக் கரைசலை மருந்தில் ஊறவைப்பர். பின் படிப்படியாகப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, வெள்ளெலி போன்ற பிராணிகளின் மூளையில் செலுத்தி, மாதக்கணக்கில் காத்திருப்பர். எத்தனை படி நீர்த்தும் நோய் வருகிறது என்பதே அளவுகோல். இத்தகைய சோதனைகளின் பயனாக, 1999-இல் உலக சுகாதார நிறுவனம், லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தல், 2 சதவீத குளோரின் தரும் சலவைக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்தல், 134 பாகை வெப்ப அழுத்த நீராவி ஆகியவற்றை ஏற்ற முறைகளுள் சேர்த்தது.

மண்ணில் புதைத்தால் தீருமா? மூன்றாண்டு தோட்ட மண்ணில் புதைந்திருந்தும் பிரியானின் வீரியத்தில் ஒரு பகுதி எஞ்சியது என்று 1991-இல் பிரவுன், கஜ்டுசெக் ஆகியோர் கண்டனர். மாண்ட்மோரில்லனைட் என்னும் களிமண் துகளைப் பிரியான் இறுகப் பற்றுவதை 2006-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். மழையில் ஒட்டி, வெயிலில் வெடிக்கும் நம் கரிசல் மண்ணில் மிகுந்திருப்பது இவ்வினக் களிமண்ணே! நாகலாபுரத்தில் இந்நோய் உண்டு என்று நான் கூறவில்லை; வந்தால் வெளியேற்றுவது அரிது என்றே கூறுகிறேன்.

ஒரு கிருமியைக் கொன்ற மருந்து மறுகிருமியையும் கொல்லும் என்று கொள்வது ஊகம்; சோதித்து அறிவதே விஞ்ஞானம். அந்த ஊகத்திற்கு ஸ்காட்லாந்தின் ஆடுகளும், சூரிச்சின் இரண்டு இளம் உயிர்களும் விலை கொடுத்தன. அவ்விலையை இனி எவரும் கொடுக்காதிருக்கச் செய்வது, நாளைய மருத்துவராகவும் கால்நடை அறிஞராகவும் விளங்கவிருக்கும் உங்கள் கடமை.